வேதாகமக் கல்வியும் யாழ்ப்பாணச் சைவமும்

கிறித்தவ வேதத்தைக் கல்லூரியில் முறையாகப் பயிலும் சைவ வாலிபன் தன் சமயத்தை இழந்துவிடுவான் என்ற அச்சம் எம் பெரியோர் பலரிடத்து நெடுங்காலமாக உண்டு. அவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாண வரலாறு தரும் விடை சிறிது வேறானது.

1816-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனார் 1823-இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். தானியேல் பூவர் பாதிரியார் அதன் முதல் அதிபர். மாணவர் அங்கேயே தங்கிப் பயின்றனர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானநூல் என்பவற்றோடு வேதாகமமும் கிறித்தவ சமய நிரூபணமும் கற்பிக்கப்பட்டன. பொருளுதவி புரிந்த அமெரிக்கரின் பெயர்கள் மாணவர் பலருக்குச் சூட்டப்பட்டன. மதமாற்றமே தம் நோக்கம் என்பதை மிஷனார் மறைத்தாருமில்லை.

இதனால் விளைந்த பயன் யாது? மாணவர் பலர் கிறித்தவராயினர். அவருள் இறுதிவரை அச்சமயத்தில் மெய்ப்பற்றோடு நின்று தமிழுக்குத் தொண்டாற்றியோரும் உளர். 1841-இல் தோன்றிய ‘உதயதாரகை’யின் முதலாசிரியர்கள் செமினரியிற் பயின்றவர்களே. வேறு பலரோ அரசாங்க உத்தியோகத்தை நாடினர், தாய்ச்சமயத்துக்கும் மீண்டனர். 1855-இல் செமினரி மூடப்பட்டமைக்கு இவ்வேமாற்றமும் ஒரு காரணமாகும். 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகிய இருவரும் அங்குப் பயின்றவர்களே. இருவரும் பின்னர்ச் சைவத்தைத் தழுவினர். தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்து உதவியதைத் தமிழுலகம் மறவாது.

இனி, நல்லூர் ஆறுமுக நாவலரை நோக்குவோம். அவர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்றார், அங்கேயே ஆசிரியருமானார். பேர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்குப் பல ஆண்டுகள் துணைபுரிந்தார். சொல்லுக்குச் சொல் ஆராய்ந்து அந்நூலைக் கற்றும் அவர் நெற்றியில் திருநீறு அழியவில்லை. 1847 டிசம்பர் 31-இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை அமைத்தார், பின்னர் அச்சுக்கூடமும் நிறுவினார். பிரசங்கம், பாடசாலை, அச்சு மூன்றும் மிஷனார் கையாண்ட கருவிகளே அல்லவா? 1854-இல் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ என்னும் நூலில், எருசலேம் ஆலயத்தில் நிகழ்ந்த தூபம், தீபம், பலி முதலியவற்றை வேதாகமத்திலிருந்தே எடுத்துக் காட்டி, சைவக் கிரியைகளை இகழ்ந்தோருக்கு விடையிறுத்தார். வேதாகமத்தை நன்கு கல்லாத ஒருவரால் அந்நூலை எழுதியிருத்தல் இயலாது.

மறுபுறத்தையும் கூறுதல் நீதியாகும். பூவருக்குப்பின் செமினரி அதிபரான ஹொய்சிங்ரன் பாதிரியார் சைவசித்தாந்தத்தை ஊன்றிக் கற்றார். சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை ஆகியவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854-இல் அமெரிக்காவில் வெளியிட்டார். அதனால் அவர் சைவராகிவிடவில்லை. எனினும், எம் சாத்திரம் மேல்நாட்டறிஞர் கண்ணுக்குப் புலனாயிற்று.

ஆகவே, பிறசமய நூலைக் கற்பதால் ஒருவன் தன் சமயத்தை இழப்பதில்லை. தன் சமயத்தைக் கல்லாதிருப்பதாலேயே இழக்கிறான். நாவலரிடம் இரு கல்வியும் இருந்தன. மிஷன் கல்லூரிகளில் வேதாகமம் பயின்ற எம் போன்ற வாலிபருட் பலர் அதன் அதிகாரங்களை வரிசையாகச் சொல்லுவர். சைவசித்தாந்த சாத்திரங்கள் பதினான்கின் பெயரையேனும் சொல்லத் தடுமாறுவர். இக்குறை பாதிரிமாரால் வந்ததன்று. பெரியோரே, எம்மைத் தடுக்க வேண்டாம், கற்பியுங்கள். வாலிபரே, வாரத்தில் ஒரு மாலையேனும் சங்க மண்டபத்திற் கூடிச் சித்தாந்தம் பயில்வோம்.