லங்காஷயர் கோப்பை (ரக்பி லீக்)

லங்காஷயர் கோப்பை என்பது இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியைச் சேர்ந்த ரக்பி லீக் கழகங்களுக்கு இடையே 1905 முதல் 1992 வரை நடந்த நாக் அவுட் போட்டி. இரண்டு உலகப் போர்களின்போது விடுபட்ட ஆண்டுகள் போக மொத்தம் 80 முறை இது நடந்தது. 13 கழகங்கள் கோப்பையை வென்றன. அவற்றில் விகன் மட்டும் 21 முறை வென்றது. பென்னைன் மலைத்தொடருக்குக் கிழக்கே நடந்த யார்க்‌ஷயர் கோப்பை இதன் இணைப் போட்டி. இரண்டும் ஒரே பருவத்தில் தொடங்கி ஒரே பருவத்தில் முடிந்தன.

பின்னணி

ரக்பி ஆட்டம் இரண்டாகப் பிரிந்ததற்குக் கூலிப் பிரச்சினையே காரணம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லங்காஷயர், யார்க்‌ஷயர் கழகங்களில் ஆடியவர்களில் பலர் நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆட வேண்டுமானால் அன்றைய வேலையையும் கூலியையும் இழக்க வேண்டும். இழந்த கூலிக்கு ஈடாக 6 ஷில்லிங் வரை தர அனுமதி கேட்டு வடக்குக் கழகங்கள் 1893-இல் கொண்டுவந்த தீர்மானத்தை ரக்பி யூனியன் தோற்கடித்தது. பணம் வாங்காமல் ஆடுவதே ஆட்டத்தின் அறம் என்பது அதன் வாதம். வசதி படைத்தவர்களுக்கு அந்த அறம் எளிது. சுரங்கத் தொழிலாளிக்கு அது வீட்டுச் செலவில் விழும் துண்டு.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கழகங்கள் பிரிந்து சென்று ‘நார்தர்ன் ரக்பி ஃபுட்பால் யூனியன்’ என்ற அமைப்பைத் தொடங்கின. மொத்தம் 22 கழகங்கள் இதில் சேர்ந்தன. பிற்காலத்தில் லங்காஷயர் கோப்பையை வென்ற விகன், செயின்ட் ஹெலன்ஸ், ஓல்டம், லீ, வாரிங்டன், விட்னஸ், ரோச்டேல் ஹார்னட்ஸ், பிராட்டன் ரேஞ்சர்ஸ் ஆகியவையும் அந்த 22-இல் அடக்கம். இந்த அமைப்பே 1922-இல் ‘ரக்பி ஃபுட்பால் லீக்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

தொடக்கம்

மூன்று பருவங்கள் இரண்டு பிரிவுகளாக நடந்த லீக், 1905–06-இல் ஒரே பட்டியலாக இணைந்தது. அதே பருவத்தில்தான் லங்காஷயர், யார்க்‌ஷயர் ஆகிய இரண்டு கவுன்டிகளுக்கும் (மாவட்டங்களுக்கும்) தனித்தனிக் கோப்பைகள் உருவாயின. நாடு தழுவிய சேலஞ்ச் கோப்பை 1896–97 முதலே நடந்துவந்தது. அதன் உச்சகட்டம் வசந்த காலத்தில் வரும். கவுன்டிக் கோப்பையோ பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். பருவம் தொடங்கிய சில வாரங்களில் ஒரு ஊர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பலாம் என்பதே அதன் ஈர்ப்பு.

முதல் இறுதிப்போட்டி 1905 டிசம்பரில் பிராட்டன் ரேஞ்சர்ஸின் மைதானத்தில் விகனுக்கும் லீ கழகத்துக்கும் இடையே நடந்தது. அப்போது ஓர் அணிக்கு 15 பேர். அன்று ஒரு புள்ளிகூட விழாமல் ஆட்டம் 0–0 என முடிந்தது. மறு ஆட்டத்தில் விகன் 8–0 என வென்று முதல் வெற்றியாளரானது. தோற்ற லீ கழகம் அதே பருவத்தில் லீக் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டு, 1906-இல், அணிக்கு 13 பேர் என விதி மாறியது. பிடிபட்ட வீரர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடரும் முறையும் வந்தது. இன்று ரக்பி லீக் என்று நாம் அறியும் ஆட்டம் உருப்பெற்றது அந்த மாற்றங்களில்தான். ஆகவே 15 பேர் ஆடிய பழைய முறையில் முடிவான ஒரே லங்காஷயர் கோப்பை அந்த முதல் கோப்பை.

போட்டி முறையும் பங்கேற்ற ஊர்களும்

குலுக்கல் முறையில் அணிகள் மோதும். தோற்றால் வெளியேற வேண்டும். இறுதிப்போட்டி பெரும்பாலும் இரு அணிகளுக்கும் பொதுவான ஊரில் நடக்கும். வாரிங்டனின் வில்டர்ஸ்பூல், விகனின் சென்ட்ரல் பார்க், ஸ்விண்டனின் ஸ்டேஷன் ரோடு, செயின்ட் ஹெலன்ஸின் நோஸ்லி ரோடு ஆகியவை இறுதிப்போட்டிகளுக்குப் பேர்போன மைதானங்கள்.

பங்கேற்ற ஊர்கள் அனைத்தும் தொழிலூர்கள். கழகங்களின் செல்லப் பெயர்களிலேயே அது தெரியும். கம்பி இழுக்கும் ஆலைகளால் வாரிங்டன் ‘வயர்’ ஆயிற்று. ரசாயன ஆலைகளால் விட்னஸ் ‘கெமிக்ஸ்’ ஆயிற்று. பாரோ கப்பல் கட்டும் ஊர். செயின்ட் ஹெலன்ஸில் பில்கிங்டன் கண்ணாடி ஆலைத் தொழிலாளர்களின் மனமகிழ் மன்றமே ‘செயின்ட் ஹெலன்ஸ் ரெக்ஸ்’ என்ற தொழில்முறைக் கழகமாக வளர்ந்து, 1923-லும் 1930-லும் கோப்பையை வென்றது. 1926 இறுதிப்போட்டியில் அந்த ஒரே ஊரின் இரண்டு கழகங்களும் மோதின. செயின்ட் ஹெலன்ஸ் 10–2 என வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. பட்டமோ சேலஞ்ச் கோப்பையோ ஒருபோதும் வெல்லாத ரெக்ஸுக்கு, லங்காஷயர் கோப்பையே வரலாற்றில் நிலைத்த பெருமை.

நான்கு கோப்பைகள்

அந்தக் காலத்தில் ஒரு கழகம் ஒரு பருவத்தில் வெல்லக்கூடிய பரிசுகள் நான்கு: லீக் பட்டம், சேலஞ்ச் கோப்பை, கவுன்டி லீக் (ஒரே கவுன்டிக் கழகங்களுக்கு இடையிலான லீக்), கவுன்டிக் கோப்பை. நான்கையும் ஒரே பருவத்தில் வென்றவை மூன்றே கழகங்கள். 1907–08-இல் ஹன்ஸ்லெட்டும் 1914–15-இல் ஹடர்ஸ்ஃபீல்டும் அதைச் சாதித்தன. இரண்டும் யார்க்‌ஷயரைச் சேர்ந்தவை. லங்காஷயர் தரப்பில் அந்தப் பெருமை ஸ்விண்டனுக்கு மட்டுமே உரியது. 1927-இல் ஓல்டமில் நடந்த லங்காஷயர் கோப்பை இறுதியில் ஸ்விண்டன் 5–2 என விகனை வீழ்த்தியது. அந்தப் பருவத்தின் முதல் கோப்பை அது. மற்ற மூன்றும் பின்னால் வந்தன. இந்தச் சாதனையைப் பேசும்போதெல்லாம் கவுன்டிக் கோப்பை மற்ற மூன்றுக்கும் சமமாகவே எண்ணப்பட்டது.

இரு போர்களுக்கு இடையே

முதல் உலகப் போரால் மூன்று பருவங்கள் தடைப்பட்ட போட்டி 1918–19-இல் மீண்டது. 1920-களில் கோப்பை ஊர் ஊராகச் சுற்றியது: பத்தாண்டுகளில் ஏழு கழகங்கள் வென்றன. 1930-களில் சால்ஃபோர்டு எழுந்தது. நியூசிலாந்திலிருந்து வந்து விகனுக்கு ஆடிய லான்ஸ் டாட், சால்ஃபோர்டின் மேலாளராகி அந்த அணியைக் கட்டியெழுப்பினார். வேல்ஸிலிருந்து வந்த கஸ் ரிஸ்மன் அதன் முதுகெலும்பு. 1934, 1935, 1936 ஆகிய மூன்று இறுதிப்போட்டிகளிலும் சால்ஃபோர்டு விகனையே தோற்கடித்தது. 1938-இல் நான்காவது முறை மோதியபோது விகன் 10–7 என வென்று கணக்கைத் தீர்த்தது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939–40 பருவத்தில் இறுதிப்போட்டி இரண்டு ஆட்டங்களாக நடந்தது. ஸ்விண்டன் மொத்தம் 21–15 என விட்னஸை வென்றது. அதன்பின் ஐந்து பருவங்கள் கோப்பை நடக்கவில்லை.

கூட்டம் பெருகிய காலம்

போர் முடிந்ததும் ஆட்டங்களைப் பார்க்க மக்கள் திரண்டனர். 1945-இல் விட்னஸ் வென்றது. அடுத்து 1946 முதல் 1951 வரை ஆறு முறை தொடர்ந்து விகன் வென்றது. அந்தச் சாதனையை எந்தக் கழகமும் எட்டவில்லை. அந்த வெற்றிகளின்போது விகனின் பயிற்சியாளர் ஜிம் சல்லிவன். கால் நூற்றாண்டு விகனின் ஃபுல்பேக்காக ஆடியவர் அவர். 1952-இல் பரம எதிரியான செயின்ட் ஹெலன்ஸுக்குப் பயிற்சியாளராகப் போனார். மறு ஆண்டே ஸ்டேஷன் ரோடு மைதானத்தில் நடந்த இறுதிப்போட்டியில் அவருடைய புதிய அணி 16–8 என அவருடைய பழைய அணியை வீழ்த்தியது. அன்று கூடியவர்கள் 42,000-க்கும் அதிகம்.

1956, 1957, 1958 மூன்றிலும் ஓல்டம் வென்றது. சேலஞ்ச் கோப்பை இறுதிப்போட்டியோ 1929-இலேயே லண்டனின் வெம்பிளி மைதானத்துக்குப் போய்விட்டது. ஓல்டமும் ஸ்விண்டனும் ஒருமுறைகூட அந்த இறுதிக்காக வெம்பிளியில் கால் வைக்கவில்லை. அந்த ஊர் ரசிகர்களுக்கு லங்காஷயர் கோப்பை இறுதிநாளே திருவிழா. பேருந்திலோ ரயிலிலோ ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். ஆலை வேலை முடித்து வந்தவரும் பார்க்கலாம்.

1960 முதல் 1964 வரை செயின்ட் ஹெலன்ஸ் தொடர்ந்து ஐந்து முறை வென்றது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த விங்கர் டாம் வான் வோலன்ஹோவனும், அதே ஊரில் பிறந்து வளர்ந்த ஸ்க்ரம் ஹாஃப் அலெக்ஸ் மர்ஃபியும் அந்த அணியின் நட்சத்திரங்கள். ஐந்து இறுதிகளில் நான்கில் தோற்றது ஸ்விண்டன். 1962–63, 1963–64 இரண்டிலும் லீக் பட்டத்தை வென்று நாட்டிலேயே சிறந்த அணி என்று பெயரெடுத்த ஸ்விண்டனால், பக்கத்து ஊர் அணியை மட்டும் இலையுதிர் காலத்தில் வெல்ல முடியவில்லை. கவுன்டிக் கோப்பையின் சுவையே இதில்தான் இருந்தது: லீக் பட்டியலில் எங்கே நின்றாலும், பக்கத்து ஊர்க்காரனை ஜெயிப்பது தனிக் கணக்கு.

விட்னஸும் வொர்க்கிங்டனும்

1970-இல் கவுன்டி லீக்குகள் கைவிடப்பட்டன. அதன்பின் கவுன்டி அடிப்படையில் மிஞ்சிய கழகப் போட்டி கோப்பை மட்டுமே. 1970-களின் பிற்பாதி விட்னஸின் காலம். 1974 முதல் 1979 வரை ஆறு கோப்பைகளில் ஐந்தை அது வென்றது. இடையில் குறுக்கிட்டது வொர்க்கிங்டன் டவுன். வொர்க்கிங்டன், வைட்ஹேவன் ஆகிய இரண்டும் கம்பர்லாந்துக் கடலோர ஊர்கள். அங்கே போதிய கழகங்கள் இல்லாததால் அவை லங்காஷயர் கோப்பையில் ஆடின. 1976 முதல் நான்கு ஆண்டுகள் வொர்க்கிங்டன் தொடர்ந்து இறுதிக்கு வந்தது. மூன்றில் விட்னஸிடம் தோற்றது. 1977-இல் மட்டும் 16–13 என விகனை வென்று கோப்பையை வடக்கே கொண்டுபோனது. லங்காஷயரின் பழைய எல்லைக்குள் இல்லாத ஊர் ஒன்று லங்காஷயர் கோப்பையை வென்றது அந்த ஒரு முறைதான்.

எல்லை மாறியும் மாறாத கவுன்டி

1974-இல் இங்கிலாந்தின் உள்ளாட்சி எல்லைகள் திருத்தப்பட்டன. விகன், லீ, ஓல்டம், ரோச்டேல், சால்ஃபோர்டு, ஸ்விண்டன் ஆகியவை கிரேட்டர் மான்செஸ்டருக்குப் போயின. செயின்ட் ஹெலன்ஸ் மெர்சிசைடில் சேர்ந்தது. வாரிங்டனும் விட்னஸும் செஷயரில் சேர்ந்தன. பாரோ கம்ப்ரியாவுக்குப் போனது. அதாவது, கோப்பையை வென்ற கழகங்களின் ஊர்களில் ஒன்றுகூட அதன்பின் நிர்வாக வரைபடத்தின் லங்காஷயரில் இல்லை. ஆனாலும் போட்டியின் பெயர் மாறவில்லை. எந்த ஊரும் விலகவில்லை. அரசாங்கம் அழித்த எல்லையை இந்தக் கோப்பை இன்னும் 18 ஆண்டுகள் மக்கள் மனத்தில் காத்தது. கோப்பையின் வரலாற்று மதிப்பில் பெரும்பங்கு இதற்கே.

இறுதி ஆண்டுகள்

1980-களில் கோப்பைக்குப் புது உயிர் வந்தது. 1984 இறுதிப்போட்டி விகனின் சொந்த மைதானத்தில் நடந்தது. செயின்ட் ஹெலன்ஸுக்கு ஒரு பருவம் ஆட வந்திருந்த ஆஸ்திரேலிய சென்டர் மால் மெனிங்கா இரண்டு ட்ரை அடித்தார்; செயின்ட் ஹெலன்ஸ் 26–18 என வென்றது. அடுத்த நான்கு கோப்பைகளும் (1985–1988) விகனுக்கே.

கடைசி இறுதிப்போட்டி 1992 அக்டோபரில் நடந்தது. இம்முறை மைதானம் செயின்ட் ஹெலன்ஸின் நோஸ்லி ரோடு. வென்றது விகன், 5–4 என்ற கணக்கில். ஒரு ட்ராப் கோலின் மதிப்பான ஒரே புள்ளி வித்தியாசம். பார்த்தவர்கள் 20,000-க்கு மேல்.

பார்க்க ஆளில்லாமல் கோப்பை நிற்கவில்லை. நாட்காட்டியில் இடமில்லாமல் நின்றது. லீக், சேலஞ்ச் கோப்பை, 1971-இல் தொடங்கிய இன்னொரு நாக் அவுட் போட்டியான ரீகல் கோப்பை, பருவ இறுதியின் பிரிமியர்ஷிப், சர்வதேச ஆட்டங்கள் என எல்லாம் ஒரே பருவத்தில் நெருக்கின. பெரிய கழகங்கள் தங்கள் வீரர்கள் அதிக ஆட்டங்கள் ஆட வேண்டியிருக்கிறது என்று கருதின. 1993–94-இல் இரு கவுன்டிக் கோப்பைகளும் நிறுத்தப்பட்டன. 1996-இல் சூப்பர் லீக் தொடங்கி ஆட்டமே கோடைக்கு மாறியபோது, இலையுதிர் காலத்தின் முதல் கோப்பை என்ற இடமே இல்லாமல் போனது. இறுதிப்போட்டிகள் நடந்த மைதானங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன: ஸ்டேஷன் ரோடு 1992-இலும், சென்ட்ரல் பார்க் 1999-இலும், நோஸ்லி ரோடு 2010-இலும் விடைபெற்றன.

வென்ற கழகங்கள்

விகன் – 21
செயின்ட் ஹெலன்ஸ் – 11
ஓல்டம் – 9
வாரிங்டன் – 9
விட்னஸ் – 7
சால்ஃபோர்டு – 5
லீ – 4
ஸ்விண்டன் – 4
ரோச்டேல் ஹார்னட்ஸ் – 3
பாரோ – 2
பிராட்டன் ரேஞ்சர்ஸ் – 2
செயின்ட் ஹெலன்ஸ் ரெக்ஸ் – 2
வொர்க்கிங்டன் டவுன் – 1

மதிப்பீடு

பட்டியலின் மேல் வரிகளை மட்டும் பார்த்தால் இது விகனின் கோப்பை என்று தோன்றும். கீழ் வரிகளில்தான் இதன் பயன் தெரிகிறது. பாரோ லீக் பட்டத்தை வென்றதே இல்லை. ரோச்டேல் ஹார்னட்ஸ் சேலஞ்ச் கோப்பையை ஒரே ஒருமுறை, 1922-இல், வென்றது. இத்தகைய கழகங்கள் நான்கைந்து ஆட்டங்களில் முழுமையான ஒரு வெற்றியை எட்ட இந்தப் போட்டி வழி வைத்திருந்தது. லீக் ஆட்டத்துக்கும் தேசிய இறுதிக்கும் நடுவே இருந்த அந்தப் படி இன்று இல்லை. சூப்பர் லீக் காலத்தில் பணமும் வீரர்களும் சில கழகங்களிடம் குவிந்திருக்க, ஓல்டம், ஸ்விண்டன், ரோச்டேல் போன்ற பழைய ஊர்கள் கீழ்ப்பிரிவுகளில் போராடுகின்றன. பெரிய அணி அந்த ஊர்களின் வாசலுக்கு வந்து, சமமான வாய்ப்பில், கோப்பைக்காக ஆண்டுதோறும் மோதிய ஏற்பாடு 1992-உடன் முடிந்தது. ரக்பி லீக் அந்த ஊர்களுக்கு இன்னும் ஈடு செய்யாத இழப்பு இது.