உலாவும் ஆட்டமும்: கொழும்பில் ஓய்வுநாளின் சமூக வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஞாயிற்றுக்கிழமை மாலையொன்றிற் காலிமுகத் திடலுக்குச் செல்வோர் அங்கு கொழும்பு மாநகரின் குறுக்குவெட்டு முகத்தைக் காணலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து பேருந்தில் வந்திறங்கிய துறைமுகத் தொழிலாளியின் குடும்பம், வெள்ளவத்தையிலிருந்து வந்த எழுதுவினைஞரின் குடும்பம், புறக்கோட்டைக் கடைச் சிப்பந்திகள் ஆகியோர் ஒரே கடற்காற்றை நுகர்ந்து, ஒரே தள்ளுவண்டியில் இறால் வடை வாங்கி உண்பர். காலாற நடப்பதும், மைதானத்து ஓரத்தில் நின்று ஆட்டம் பார்ப்பதும் மனித இயல்பின்பாற்பட்டவை, அவற்றிற்கு வரலாறு வேண்டுவதில்லை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. ஆயின், நடப்பதற்கு ஒரு நாளும் ஓர் இடமும் வேண்டும். அந்த நாள் எவ்வாறு கிடைத்தது, அந்த இடம் யாருக்கென அமைக்கப்பட்டது என்னும் இரு வினாக்களை எழுப்பியவுடன் நாம் வரலாற்றின் எல்லைக்குள், இன்னும் திட்டமாகக் கூறின் வர்க்க உறவுகளின் எல்லைக்குள், புகுந்துவிடுகிறோம்.

முற்போக்கு ஆய்வாளர் உழைப்பின் வரலாற்றை எழுதிய அளவிற்கு ஓய்வின் வரலாற்றை எழுதவில்லை. இக்குறை மூலவரிடமிருந்து வந்ததன்று. வேலைநாளின் நீளம் பற்றிய போராட்டத்திற்கு மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் நீண்டதோர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். இலண்டனில் வறுமையுற்றிருந்த காலத்திலும் ஞாயிறுதோறும் குடும்பத்தோடும் தோழரோடும் ஹாம்ஸ்டெட் ஹீத் வெளிக்கு நடந்து சென்று பொழுதைக் கழித்ததை லீப்னெக்ட் தம் நினைவுக் குறிப்புகளிற் பதிந்துள்ளார். ஓய்வு உழைப்பின் மறுபக்கம் என்பதை அவர் எழுத்திலும் வாழ்விலும் அறிந்திருந்தார்.

தமிழர் மரபிற் புறம்போந்து களித்தல் பழமையான வழக்கமாகும். பரிபாடல் வையைப் புதுப்புனலாடலைக் கூறும். சிலப்பதிகாரம் புகார் மக்களின் கடலாடலைக் கூறும். நமது பொருளுக்கு இவற்றினும் இன்றியமையாதது பட்டினப்பாலை தரும் செய்தி. முழுநிலா நாளிற் கடல்மேற் செல்லாது பரதவர் உண்டும் ஆடியும் களித்ததையும், மணலிற் கூடி ஒருவரோடொருவர் பொருது விளையாடியதையும் அந்நூல் விவரிக்கின்றது. நிலவொளி மிக்க இரவுகளில் மீன்பாடு குறைவு என்பது மீனவர் அனுபவ அறிவு. எனவே, தொழிலின் இயற்கைத் தாளமே ஓய்வுநாளையும் வகுத்தது எனலாம். உழைப்பவன் தன் தொழிற்கருவிக்குத் தானே உரியவனாயிருந்த நிலையில் ஓய்வைப் பிறரிடம் கேட்டுப் பெற வேண்டிய தேவை எழவில்லை.

கொழும்பில் இப்பழைய மரபின் தொடர்ச்சியாகக் கொள்ளத்தக்கது ஆடிவேல் விழா. வாந்திபேதி அச்சத்தாற் கதிர்காம யாத்திரைக்கு அரசு கட்டுப்பாடு விதித்ததன் விளைவாக 1874ஆம் ஆண்டளவில் இது தொடங்கிற்று என்பர். செட்டியார் தெருவிலிருந்து வேல் தாங்கிய இரதம் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கோயில்களை நோக்கிச் செல்லும். செட்டிமார் மூலதனத்தின் ஆதரவில் நடந்த விழாவாயினும், அதன் உயிர் வீதியோரத்தில் இருந்தது. வேல் பார்க்கச் செல்வது தமிழர்க்கு மட்டுமன்றிச் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் ஆண்டுக்கொருமுறை வாய்த்த உலாவாக இருந்தது. வளையற் கடையும் கரும்புக் கட்டும் பலகாரமும் சாதி மத வேறுபாடின்றி எல்லாரையும் ஈர்த்தன.

குடியேற்ற ஆட்சி இதனின் வேறுபட்ட ஓய்வு முறையைக் கொண்டுவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காலிமுகம் ஆங்கிலேயரின் குதிரைப் பந்தயக் களமாக விளங்கிற்று. தேசாதிபதி சேர் ஹென்றி வாட் 1856இல் தொடங்கி 1859இல் நிறைவுசெய்த உலாவீதியின் நினைவுக்கல், கொழும்பு வாழ் சீமாட்டிகளதும் குழந்தைகளதும் நலன்கருதி அதனைப் பேணுமாறு பின்வரும் தேசாதிபதிகளுக்குப் பரிந்துரைக்கின்றது. அக்காலச் சூழலிற் சீமாட்டிகள் என்ற சொல் யாரைச் சுட்டியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மூட்டை சுமந்தவனின் மனைவி அச்சொல்லுள் அடங்காள்.

விளையாட்டுக் கழகங்களின் தோற்றம் இப்பிரிவினையை மேலும் நுணுக்கமாக்கிற்று. 1863இல் தோன்றிய கொழும்புத் துடுப்பாட்டக் கழகம் நீண்டகாலம் ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்தது. அதனைத் தொடர்ந்து மலாயர் கழகம் 1872இலும், பறங்கியர் கழகம் 1896இலும், சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியன் கழகமும் 1899இலும், சோனகர் கழகம் 1908இலும் உருவாயின. 1888இல் அமைந்த நொன்டெஸ்கிரிப்ட்ஸ் கழகம் போன்றவை இனப்பெயர் சூடாது விலகி நின்றன. உத்தியோகமும் ஆங்கிலக் கல்வியும் பெற்ற சுதேச மேற்குடியினர் தம்மை ஆண்டோருக்குச் சமமானவராக நிறுவ விரும்பினர். அதே வேளையில் சட்டசபை ஆசனங்களைப் போலவே ஓய்வுப் பொழுதையும் இனவாரியாகப் பங்கிட்டுக் கொண்டனர். மேற்கிந்தியத் தீவுகளிலும் இதனையொத்த நிலை காணப்பட்டது. டிரினிடாட்டில் தோல்நிறத்தின் சாயலுக்கேற்பக் கழகங்கள் பிரிந்திருந்ததையும், தாம் அவற்றுள் ஒன்றைத் தெரிய நேர்ந்த சங்கடத்தையும் மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளிவந்த தம் துடுப்பாட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். அங்கு நிறம் ஆற்றிய பணியை இங்கு இனப்பெயர் ஆற்றிற்று.

இடத்தின் வரலாறு இவ்வாறாக, நாளின் வரலாறு மேலும் கடுமையான போராட்டங்களைக் கண்டது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, பௌத்தப் பெரஹர ஒன்று கொட்டாஞ்சேனை வீதிகளினூடே வந்தபோது கத்தோலிக்கருடன் மோதல் மூண்டது. அதன் பின்விளைவாக 1884இல் கேணல் ஒல்கொட் இலண்டன் சென்று பௌத்தரின் குறைகளை முன்வைத்தார். 1885இல் வெசாக் முழுநிலா நாள் பொது விடுமுறையாயிற்று. இன்று வீடுதோறும் கூடு கட்டி ஒளியேற்றி, மக்கள் குடும்பத்தோடு வீதியுலா வரும் அந்நாள், கொட்டாஞ்சேனையிற் சிந்திய குருதியின் வழியே கிடைத்ததென்பது மனங்கொள்ளத்தக்கது.

சமய விடுமுறையின் பிறப்பிடம் கொட்டாஞ்சேனையாயின், உழைப்போர் போராட்டத்தின் ஒரு முக்கிய களம் வெள்ளவத்தை. அங்கிருந்த நூல் நெசவு ஆலையில் 1933 பெப்ரவரியிற் கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளருட் பெரும்பாலோர் மலையாளிகளும் தமிழருமாகிய இந்திய வம்சாவளியினர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின் நாயகரான ஏ. ஈ. குணசிங்கவோ, பொருளாதார மந்தத்தின் நெருக்கடியில் இந்தியத் தொழிலாளர்க்கெதிரான இனவாதத்தின் பக்கம் சாய்ந்து, இவ்வேலைநிறுத்தத்தை முறியடிக்கத் துணைபோனார். இத்திருப்பத்தைக் குமாரி ஜயவர்தன இலங்கைத் தொழிலாளர் இயக்கம் பற்றிய தம் ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். கழகங்களைப் பிரித்த இனப்பெயர் இப்போது தொழிற்சங்க வாயிலிலும் வந்து நின்றது.

இத்தகைய போராட்டங்களாலேயே உழைப்போர்க்கு நேரம் சட்டமாகக் கிடைத்தது. 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து, 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் கடைச் சிப்பந்திக்கும் காரியாலய ஊழியருக்கும் வாரத்திற்கு 45 மணிநேர வேலை வரையறையையும் ஒன்றரை நாட் சம்பள விடுமுறையையும் வழங்கிற்று. புறக்கோட்டைச் சிப்பந்தி சனிக்கிழமை பிற்பகலிற் பந்தாட்டம் பார்க்கவும், ஞாயிறன்று பிள்ளைகளைத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு அழைத்துச் செல்லவும் இயன்றது இந்த ஒன்றரை நாளினாலேயே. 1966இல் அரசு ஞாயிற்றுக்கிழமையை நீக்கிப் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. சந்திரனின் கால்வட்டம் ஏழு நாட்களுக்குச் சிறிது மிகையாதலின், ஓய்வுநாள் கிழமை தோறும் நகர்ந்தது; சிலவேளை ஓய்வு நாட்களுக்கிடையிலான இடைவெளியும் நீண்டது. 1971இல் ஞாயிறு மீண்டது. பட்டினப்பாலைப் பரதவரின் முழுநிலா ஓய்வு தொழிலின் தாளத்திற் பிறந்தது. 1966இன் முழுநிலா ஓய்வு அரசின் ஆணையிற் பிறந்தது. ஒரே நிலவு, இருவேறு உற்பத்தி உறவுகள்.

இனி, ஓய்வையும் வர்க்கத்தையும் இனத்தையும் ஒருங்கே காட்டும் ஓராண்டை நோக்குவோம். 1948 பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. மறுமாதம், இங்கிலாந்து செல்லும் வழியிற் பிரட்மன் தலைமையிலான அவுஸ்திரேலிய அணி தமிழ் யூனியன் கழகத்தின் கொழும்பு ஓவல் மைதானத்தில் ஆடிற்று. இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவ சதாசிவம். தமிழர் கழகத்தின் மைதானத்தில், தமிழர் ஒருவர் தலைமையில், புதிய தேசம் உலகின் தலைசிறந்த அணியை எதிர்கொண்டது. பல இனத்தவரும் அவரது துடுப்பின் அழகிற்கு அடிமைகளாயினர். அதே ஆண்டில் நிறைவேறி நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் பெருந்தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. அவ்வாண்டிலேயே தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்திற் சேர்ந்து அமைச்சரானார். வெள்ளவத்தை ஆலையில் உழைத்த இந்திய வம்சாவளித் தொழிலாளியையும் இச்சட்டம் விட்டுவைக்கவில்லை. சதாசிவத்தின் ஆட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. தமிழர் என்ற ஒரே பெயர் ஒருவரை மைதானத்தின் நடுவிலும் மற்றவரைத் தேசத்தின் எல்லைக்கு வெளியிலும் நிறுத்தக்கூடுமெனின், அப்பெயருக்குள் மறைந்திருக்கும் வர்க்கப் பிளவை ஆய்வாளர் காணாது விடலாகாது என்பதே நாம் வற்புறுத்துவது.

எனினும், வர்க்கத்தைச் சுட்டி இனவொடுக்குமுறையை மறைப்பதும் அதேயளவு தவறாகும். 1956 யூன் 5இல், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் காலிமுகத் திடலில் அமைதியாகச் சத்தியாக்கிரகம் இருந்தபோது காடையராற் தாக்கப்பட்டனர். உலாவும் வெளி ஒரு சாராருக்கு உதை வாங்கும் வெளியாயிற்று. 1982 பெப்ரவரி 17இல் இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டம், பி. சரவணமுத்துவின் பெயர் தாங்கிய அதே தமிழ் யூனியன் மைதானத்தில், இங்கிலாந்துக்கெதிராகத் தொடங்கியது. 17 மாதங்களின் பின், 1983 யூலை 24இல், அதே பொறளைப் பகுதியின் மயானத்தருகே மூண்ட வன்செயல் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் எரித்தது. ஆடிவேலும் பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. உயிரும் உடைமையும் இழந்தோரின் கணக்கோடு ஒப்பிடின் ஓர் உலாநாளின் இழப்பு சிறிதாகத் தோன்றலாம். ஆயின், அச்சமின்றி வீதியில் நடக்கும் உரிமை பறிபோவதே ஒடுக்குமுறையின் அன்றாட வடிவம் என்பதை அக்காலத்துக் கொழும்பில் அடையாள அட்டையைக் கையிற் பிடித்து நடந்தோர் அறிவர்.

நடத்தலும் ஓர் உரிமை என்பதை உலகத் தொழிலாளர் இயக்கம் முன்னரே உணர்ந்திருந்தது. 1932 ஏப்ரல் 24இல் மன்செஸ்டர் நகரத் தொழிலாளர், நிலவுடைமையாளர் வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலைவெளிக்குள் கூட்டமாக நுழைந்து நடந்தனர். பிரித்தானியத் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தைச் சார்ந்த பென்னி ரொத்மன் முதலிய ஐவர் சிறை சென்றனர். 1949இல் நாட்டுப்புறத்தை அணுகும் உரிமை அங்கு சட்டமாவதற்கு அந்நடை வலுச்சேர்த்தது.

நமது நாட்டில் இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்வு 2022இல் நேர்ந்தது. ஏப்ரல் 9 தொடக்கம் காலிமுகத் திடலை மக்கள் தமதாக்கிக் கொண்டனர். சீமாட்டிகளுக்கென அமைந்த உலாவெளியிற் கூடாரங்களும் நூலகமும் சமையற்கூடமும் எழுந்தன. மே 18இல், முள்ளிவாய்க்காலில் மாண்டோர் அங்கு நினைவுகூரப்பட்டு, கஞ்சி பரிமாறப்பட்டது. 1956இல் தமிழர் அடிபட்ட அதே மண்ணில் சிங்கள இளைஞரும் அக்கஞ்சியைப் பருகினர். அவ்வெழுச்சி இனப்பிரச்சினையை முழுமையாக எதிர்கொண்டதெனக் கூறுவது மிகை. எனினும், பொதுவெளி ஒன்றில் மக்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும்போது எவை சாத்தியமாகும் என்பதை அது ஒரு கணம் காட்டிற்று.

இன்று அவ்வெளி சுருங்கி வருகின்றது. திடலைச் சூழ ஆடம்பர விடுதிகள் எழுந்துள்ளன; கடலை நிரப்பித் துறைமுக நகர் அமைகின்றது. வெள்ளவத்தை நூல் நெசவு ஆலை இருந்த நிலத்தில் இப்போது நிற்பது ஹவ்லொக் சிற்றி என்னும் அடுக்குமாடித் தொகுதி. அதன் பூங்காவும் விளையாட்டிடங்களும் மதிலுக்குள் அடங்கியவை. 1933இல் அவ்வாயிலின் முன் நின்ற தொழிலாளியின் பேரப்பிள்ளை, அங்கு நடந்து மகிழ வேண்டுமாயின், காவலாளியிடம் காரணம் கூற வேண்டும். வாரத்தின் ஒன்றரை நாளும் மேலதிக வேலையிலும் இரண்டாம் தொழிலிலும் கரைந்து போகின்றது.

விளையாட்டும் உலாவும் மக்களை மயக்கும் அபின் என்று ஒதுக்கும் போக்கு நம் அணியினரிடம் இன்னும் உண்டு. மைதானத்தையும் திடலையும் அவ்வாறு கைவிடின், அவற்றை விளம்பர முதலாளியும் இனவாதியும் எடுத்துக்கொள்வர். கூலி உயர்வைப் போலவே ஓய்வு நாளும், மைதானத்தைப் போலவே மதிலற்ற நடைபாதையும் தொழிற்சங்கக் கோரிக்கைகளாதல் வேண்டும். கொட்டாஞ்சேனைத் தொழிலாளி தன் பிள்ளையின் கையைப் பிடித்துக் கடற்கரையில் நடக்கும் அந்த மாலைப்பொழுது யாரும் இட்ட பிச்சையன்று. அதற்கு முன்னோர் விலை கொடுத்துள்ளனர். அதனைக் காப்பதற்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.