பதினைந்து சிறுமிகளும் ஒரு பல் வைத்தியரும்

ஒரு பாடசாலை நூறு ஆண்டுகளைக் காணும்போது அதனைத் தொடக்கியவர்களை நன்றியோடு நினைவுகூருவது எமது வழக்கம். எம் கல்லூரி அன்னையின் வரலாற்றை இம்மலரில் மற்றையோர் எழுதுவார்கள். நானோ எமது கல்லூரியிலும் மூத்த ஓர் ஆங்கிலேயப் பெண்கள் பாடசாலையையும், அது உருவாகக் காரணமாயிருந்த ஒரு மருத்துவரையும் பற்றி எழுத விரும்புகிறேன்.

அவர் பெயர் பார்த்தலோமியோ ருஸ்பினி. இத்தாலியின் பெர்கமோ நகருக்கு அண்மையில் பிறந்தவர். சத்திர சிகிச்சை கற்று இங்கிலாந்துக்கு வந்து, இலண்டன் பால் மால் வீதியில் பல் வைத்தியராகப் புகழ் பெற்றார். 1768 இல் பற்களைப் பற்றி அவர் எழுதிய நூல் பல பதிப்புகளைக் கண்டது. வேல்ஸ் இளவரசருக்கும் அவரே பல் வைத்தியர். தமது பற்பொடியையும் இரத்தப் பெருக்கை நிறுத்தும் மருந்தையும் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து விற்றார். இன்றைய மருத்துவர் என்ற வகையில் அந்த விளம்பரங்களை என்னால் மெச்ச முடியாது. ஆனால் அவரை நான் நினைப்பது வேறொரு பணிக்காக.

ருஸ்பினி ஒரு பிறீமேசன். ஆண்கள் மட்டுமே உறுப்பினராகக் கூடிய அந்தச் சகோதர அமைப்பின் கிளைகளை ‘லொட்ஜ்’ என்பர். 1777 இல் இலண்டனில் தோன்றிய ‘ஒன்பது கலைத் தேவியர்’ லொட்ஜையும், 1787 இல் தோன்றிய ‘வேல்ஸ் இளவரசர்’ லொட்ஜையும் நிறுவியவர்களுள் அவரும் ஒருவர்.

குடும்பத் தலைவர் இறந்தாலோ நொடிந்துபோனாலோ, அக்காலத்தில் ஆண்பிள்ளையை ஏதேனும் ஒரு தொழில் பழகவிடலாம். பெண்பிள்ளைக்கு இருந்த வழிகள் மிகச் சில. இதனைக் கண்ட ருஸ்பினி, வறுமையுற்ற மேசன்களின் புதல்வியருக்கு ஒரு பாடசாலை வேண்டுமென முயன்றார். 1788 மார்ச் 25 இல் அதற்கான அமைப்பு உருவாயிற்று. மேசன்களின் தலைவராயிருந்த கம்பர்லாந்துப் பிரபுவின் மனைவி அதன் புரவலரானார்; அவர் பெயரையே பாடசாலையும் பெற்றது. 1789 ஜனவரி 1 ஆம் திகதி, இலண்டன் சோமர்ஸ் டவுனில் ஒரு வீட்டில், 15 சிறுமிகளோடு பாடசாலை திறக்கப்பட்டது. ஆண்பிள்ளைகளுக்கான மேசன் நிறுவனம் 1798 இல்தான் தோன்றியது. பெண்களுக்கு இடமில்லாத ஒரு சங்கம் முதலில் பெண்பிள்ளைகளையே நினைத்தது என்பது வியப்புக்குரியது.

1802 இல் வெளியான பார்த்தலோட்சியின் செதுக்கோவியம் ஒன்றில், மேசன்களின் மண்டபத்தில் சிறுமிகளை வரிசையாக அழைத்துவரும் ருஸ்பினியைக் காணலாம். கொடையாளிகள் முன் ஏழைப் பிள்ளைகளை நிறுத்தும் அக்காட்சி எனக்குச் சற்று நெருடலானது. பாடசாலையின் நோக்கமும் சிறியதே. எழுத்து, வாசிப்பு, தையல், வீட்டுவேலை ஆகியவற்றைக் கற்பித்து, நல்ல பணிப்பெண்களாக அனுப்புவதே அன்று எண்ணம். அதற்கு மேல் அவர்கள் வளரக்கூடும் என அதனை நடத்தியோர் கருதவில்லை.

ஆனால் பாடசாலை அந்த எண்ணத்தைக் கடந்து வளர்ந்தது. 1795 இல் சதாக்கிற்கும், 1852 இல் பட்டர்சீக்கும், 1934 இல் ரிக்மன்ஸ்வேத்துக்கும் இடம் மாறி, இன்று எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறது. அங்கிருந்து மாணவிகள் பல்கலைக்கழகம் செல்கிறார்கள். ருஸ்பினி 1813 இல் காலமானார். அவரது பற்பொடியை யாரும் அறியார்; பாடசாலை நிலைத்திருக்கிறது.

நான் மருத்துவ பீடத்துக்குத் தெரிவானபோது, முதலாம் வருடப் புத்தகங்களை எனக்கு வாங்கித் தந்தவர் எங்கள் பழைய மாணவி ஒருவர். தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என அதிபரிடம் கேட்டுக்கொண்டாராம். கொடையாளர் முன் நான் நிற்க நேரவில்லை. நான் எவ்வளவு தூரம் செல்வேன் என்றும் அவர் அளந்து பார்க்கவில்லை.

சகோதரிகளே, கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து நீங்கள் அனுப்பும் உதவியில் இன்றும் எமது பிள்ளைகள் படிக்கிறார்கள். ருஸ்பினியைப் போல முன்வந்து தொடங்குவோம். ஆனால் அப்பிள்ளைகளின் எல்லையை நாமே வரையாதிருப்போம்.