தரிசு என்று எழுதிய கை

ஒரு நிலத்தைத் 'தரிசு' என்றோ 'புறம்போக்கு' என்றோ பதிவேட்டில் எழுதியதும் அதன் கதை முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்துதான் தொடங்குகிறது. சென்னையின் தென் விளிம்பில் இருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் வரலாறு அதற்குச் சாட்சி. கள்ளக்குறிச்சியில் இருக்கும் நமக்கு அது எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். வெள்ளம் முதலில் புகும் தாழ்வான இடத்தில் சேரியும், மேட்டில் ஊரும் இருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது அயல் கதையல்ல.

தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணையில் தேங்கும். பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேரும். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரப்பில் அந்தச் சதுப்பு விரிந்து கிடந்தது. மாடு மேய்த்தவர்களுக்கும் மீன் பிடித்தவர்களுக்கும் அது வாழ்வாதாரம். அரசின் கணக்கிலோ வரி வராத வீண் நிலம்.

வீண் நிலம் என்றான பிறகு எதையும் கொட்டலாம், எதையும் கட்டலாம். பெருங்குடியில் மாநகரத்தின் குப்பை மலையானது. ஆராய்ச்சி நிறுவனங்கள், ரயில் பாதை, சாலைகள், ஐ.டி. வளாகங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. சதுப்பின் பெரும்பகுதி காணாமல் போனது. ஆக்கிரமித்தவர்களின் பட்டியலில் முதல் பெயர் குடிசைவாசியின் பெயரல்ல என்பதைக் குறித்துக்கொள்வோம்.

இதே 'தரிசு' என்ற சொல்லோடு நமக்கு இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. பள்ளிக்கரணை அன்று இருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி 1891-இல் அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. யாருக்கும் பயன்படாது என்று கருதப்பட்ட தரிசுகள்தான் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கிடைத்தன. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிலத்துக்கு மதிப்பு ஏறியதும் நிபந்தனை காற்றில் பறந்தது. அதே மாவட்டத்தின் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்க 1994-இல் நடந்த போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

மதிப்பில்லாத வரை நமக்கு. மதிப்பு வந்துவிட்டால் அவர்களுக்கு. பள்ளிக்கரணையில் இந்த விதி வேறு வடிவத்தில் திரும்பியது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சதுப்பின் ஓரத்திலும் அதன் நீர்வழியிலும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் எழுந்தன. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டன. அவற்றில் தலித் குடும்பங்கள் ஏராளம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, 'வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம்' என்று சொல்லியே பலரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கமும் அதே வெள்ளத்தில் மிதந்த இடம்தான். பள்ளியும் வேலையும் நகரத்துக்குள்ளேயே இருக்க, மக்கள் மட்டும் வெளியே போனார்கள்.

இப்போது சதுப்பை மீட்கும் காலம். 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் நிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அங்கீகாரம் பெற்றது. பெருங்குடிக் குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலையும் நடக்கிறது. இவற்றை நாம் வரவேற்கிறோம். சதுப்பு செத்தால் முதலில் மூழ்குவது தரைத்தள வீடுகளில் இருக்கும் நம் மக்கள்தான். ஆகவே சூழலியல் நமக்கு மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு அல்ல.

ஆனால் மீட்பு என்ற பெயரில் அளவுகோல் வரும்போது அது எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறது என்று கேட்போம். கண்ணாடிக் கட்டடத்திலிருந்தா, குடிசையிலிருந்தா? அரசே கொண்டுவந்து குடியேற்றிய மக்களை நாளை 'ஆக்கிரமிப்பாளர்' என்று அழைக்க யாருக்கும் உரிமை இல்லை. நீர்வழிகளைத் திறக்கும் திட்டத்தில் அந்தக் குடியிருப்புகளின் வடிகாலும் பாதுகாப்பும் முதல் வரியில் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி வேண்டும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி நம் மாவட்டத்து ஏரிகளை நிரப்புகிறது. தமிழகத்தின் பல ஊர்களில் மடை திறந்து நீர் பாய்ச்சியவர்கள் தலித் நீர்க்கட்டிகள். ஏரியைக் காத்தவர்களுக்கு ஏரிப்பாசன நிலத்தில் ஒரு துண்டுகூட இல்லாதது தற்செயலல்ல. மாணவத் தோழர்கள் தங்கள் ஊரின் 'அ' பதிவேட்டையும் புலப்பட நகலையும் கேட்டு வாங்குங்கள். ஏரிப் புறம்போக்கு எவ்வளவு, டி.சி. நிலம் எவ்வளவு, இன்று அவை யார் அனுபவத்தில் இருக்கின்றன என்று எழுதுங்கள். தண்ணீருக்குரிய நிலம் தண்ணீருக்கும், நமக்குரிய நிலம் நமக்கும் திரும்ப வேண்டும். இரண்டு கோரிக்கைகளையும் ஒரே மனுவில் எழுத நம்மால் முடியும்.