போத்தலும் கரண்டியும்

புத்தளம் களப்பையும் உப்பளங்களையும் முதுகுக்குப் பின்னால் விட்டு அநுராதபுரம் வீதியில் சில கிலோமீற்றர் போனால் சிரம்பையடி வரும். ஆப்பிரிக்க வேர் கொண்ட சில குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. ஊர்ப் பேச்சில் காப்பிரிகள். அவர்களிடம் இருக்கும் பாட்டுக்கு மாஞ்சா என்று பெயர்.

மாஞ்சாவுக்குக் கச்சேரி மேடை வேண்டியதில்லை, கல்யாண வீட்டு முற்றம் போதும். ஒரு றபான் மேளம், இரண்டாகப் பிளந்த சிரட்டை, கரண்டியால் தட்ட ஒரு வெற்றுப் போத்தல், மர முக்காலி ஒன்று. வயதான பெண் ஒருவர் முதல் அடியைத் தூக்கம் கலையாதவர் போல மெல்ல இழுப்பார். பாட்டில் மொத்தம் இரண்டு மூன்று அடிகள்தான் இருக்கும், அதையே திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் கொஞ்சம் கூடும். கூடியது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் கடைசியில் பார்த்தால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து ஆடிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு ஸ்வரக் குறிப்பு கிடையாது, கொப்பியும் கிடையாது. தாயின் மடியில் இருக்கும்போதே பிள்ளையின் காதில் மெட்டு விழுந்துவிடுகிறது. கையில் போத்தலும் கரண்டியும் வரும்போது பாடம் பாதி முடிந்திருக்கும். பிழையாகத் தட்டினால் யாரும் திருத்தி விளக்குவதில்லை. சுற்றியிருப்பவர்களின் தட்டு அந்தப் பிழையைத் தானாகவே விழுங்கிவிடும்.

இந்தத் தாளத்தை எழுதிப் பிடிக்கலாம் என்று நான் ஒருமுறை முயன்றேன். ஒன்று முதல் ஆறு வரை எண்களைப் போட்டு, அழுத்தம் விழும் இடங்களில் கோடு இழுத்தேன். ஒன்றிலும் நான்கிலும் தட்டினால் மூன்று மூன்றாக இரண்டு துண்டு. ஒன்று, மூன்று, ஐந்தில் தட்டினால் இரண்டிரண்டாக மூன்று துண்டு. கடதாசியில் இரண்டும் தெளிவாக நின்றன. ஆனால் பாட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, கால் ஒன்றைப் பிடித்தால் கை மற்றதைப் பிடிக்கிறது. கொப்பியை மூடிவைத்துவிட்டு, வாயால் விசிலடித்தபடி தொடையில் தட்டிப் பார்த்தபோதுதான் அது கொஞ்சம் வசப்பட்டது. அதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

மெட்டு வந்த வழி நல்ல வழியல்ல. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள். பின்னர் மொசாம்பிக் பக்கத்திலிருந்தும் கோவா வழியாகவும் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவந்தார்கள். 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தரும் அதையே செய்தார்கள். நாங்கள் கொம்பனித்தெரு என்று சொல்லும் இடத்தை ஆங்கிலேயர் அடிமைத் தீவு என்று அழைத்ததற்கு அங்கே அடைத்து வைக்கப்பட்ட அந்த மனிதர்களே காரணம். ஆங்கிலேயரோ கோவாச் சந்தையில் ஆள் வாங்கித் தங்கள் இலங்கைப் படைப்பிரிவுகளில் சேர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பிரிவுகள் கலைக்கப்பட்டபோது ஒரு பகுதியினர் புத்தளம் பக்கம் வந்து தங்கினர். மூன்று அரசுகள் கைமாற்றிய மனிதர்களிடம் கைமாறாமல் எஞ்சியது வாயிலும் கையிலும் இருந்ததுதான்.

பெயரும் அப்படித்தான் எங்கெங்கோ சுற்றி வந்திருக்கிறது. இறைநம்பிக்கை இல்லாதவரைக் குறிக்கும் ‘காஃபிர்’ என்ற அரபுச் சொல் போர்த்துக்கேயர் வாயில் புகுந்து, நம்மிடம் காப்பிரி ஆனது. அந்தப் பெயரைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பது வேடிக்கை. தென்னாப்பிரிக்காவில் கொடிய வசையாகிவிட்ட அதே சொல்லை இங்கே அவர்கள் சங்கடமில்லாமல் தங்கள் பெயராகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

மாஞ்சாவின் சொற்கள் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல். ஒருகாலத்தில் துறைமுகத்தில் பேரம் பேசிய மொழி அது. ஒல்லாந்தர் தடுத்துப் பார்த்தும் அவர்கள் வீட்டுச் சமையலறை வரை நுழைந்த மொழி. இன்று சிரம்பையடியில் சிங்களமே பேச்சு, தமிழும் புழங்குகிறது. கிரியோலில் சரளமாகப் பேசுவோர் அருகிவிட்டார்கள். பாடுகிறவரிடம் ஓரடிக்குப் பொருள் கேட்டால் காதல், பறவை, கடல் என்று ஒரு திசையைக் காட்டுவார், சொல்லுக்குச் சொல் பிரிக்கச் சிரமப்படுவார். ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்றிப் பாடமாட்டார். பொருள் தெரிந்தவன் சொல்லை மாற்றித் திருத்தத் துணிவான், தெரியாதவன் கேட்டதைக் கேட்டபடியே காப்பாற்றுவான் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே ஊற்றின் இன்னொரு கிளை கப்ரிஞ்ஞா. காப்பிரி என்ற சொல்லோடு ‘சின்ன’ என்று பொருள்படும் போர்த்துக்கேய விகுதி ஒட்டிய பெயர் அது. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வயலின் வைத்து அதை வாசித்தார்கள். 1894இல் இலங்கை இசை பற்றி எழுதிய சி.எம். பெர்னாண்டோ அதைப் பற்றியும் பேசியிருக்கிறார். அதன் வழியில் வந்த பாட்டுக்கு, ‘ஆடுதல்’ என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பைலா என்ற பெயர் பிறந்தது. 1940களில் பொலிஸ்காரரான வொலி பஸ்தியன் சிங்களச் சொற்களைப் போட்டு அதை ஊரெங்கும் கொண்டுபோனார். வாதப் பைலா என்ற ஒன்றும் உண்டு. மெட்டைக் கொடுத்துவிட்டால் இருவர் மேடையில் நின்று அந்த இடத்திலேயே சொல் கட்டிச் சண்டை பிடிப்பார்கள். அங்கேயும் கடதாசி கிடையாது.

சிரம்பையடி மாஞ்சாதான் நேரே பைலா ஆனது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டும் பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள். ஆனால் கொழும்பு–புத்தளம் பஸ்ஸில் பைலா போகும்போது கொண்டக்டர் கதவுத் தகரத்தில் விரலால் போடும் தட்டைக் கேளுங்கள், அது அந்தப் போத்தல் தட்டின் உறவுதான்.

பைலாவின் ஆட்டம் தமிழுக்கும் வந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோர் பாடியதை நாங்கள் பொப்பிசை என்றோம். மனோகரனின் ‘சுராங்கனி’ பாக்குநீரிணையைத் தாண்டியது. தமிழ்நாட்டில் சிலோன் மனோகர் என்றால்தான் அவரைத் தெரியும். இளையராஜா இசையமைத்த ஒரு படத்துக்குள்ளும் அந்த மெட்டு புகுந்தது. இன்றும் சுற்றுலா பஸ்களின் கடைசி வரிசையில் அதைப் பாடாமல் விடமாட்டார்கள்.

மதுரைப் பக்கம் ஒருமுறை அப்படியொரு வரிசையில் நானும் இருந்தேன். பக்கத்துப் பையன் சிங்கள அடியை ஓர் எழுத்துப் பிசகாமல் பாடினான். “மாலுன்னா என்ன, தம்பி?” என்று கேட்டேன். “மாலையா இருக்கும்ணே” என்றான். மீன் என்றேன்.

“மீனா!” என்று சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஜன்னல் தகரத்தில் தட்டத் தொடங்கினான்.