வெள்ளித்திரையில் வாட்டலூப் பெரும்போர்

நிகழ்ந்து முடிந்த போரொன்றை மீண்டும் கண்முன் நிறுத்துதல் எளிதன்று. புலவன் அதனைச் சொல்லாற் காட்டினான். ஓவியன் வண்ணத்தாற் காட்டினான். இருபதாம் நூற்றாண்டிலே சலனப்படம் அப்பணியை மேற்கொண்டது. இன்று பழைய போர்களைப்பற்றி நம்மவருட் பலர் அறிந்திருப்பவை திரையிலே கண்டவையேயாம். ஆதலின், திரை காட்டும் போர் எவ்வளவிற்குச் சரித்திரமாகும் என்னும் வினா ஆராயத்தக்கது. 1970ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வாட்டலூ’ என்னும் படத்தைக்கொண்டு அதனை நோக்குவோம்.

முதலிற் போரின் வரலாறு. 1815ஆம் ஆண்டு யூன் மாதம் 18ஆந் திகதி, பெல்ஜிய நாட்டிலே வாட்டலூ என்னும் ஊருக்குத் தெற்கே இப்போர் நிகழ்ந்தது. நெப்போலியனிடம் ஏறத்தாழ 73,000 வீரர் இருந்தனர். வெலிங்டன் பிரபுவின் நேசப்படை ஏறத்தாழ 68,000. பிற்பகலில் அவருக்குத் துணையாக வந்த புளூச்சரின் பிரசியப்படை ஏறத்தாழ 50,000. முதல்நாளிரவு பெய்த பெருமழையால் நிலம் சேறாயிற்று. பீரங்கிகளை நகர்த்துதல் அரிதாகவே, நெப்போலியன் முற்பகல் பதினொன்றரை மணியளவிலேயே போரைத் தொடங்கினான். அத்தாமதம் பிரசியர் வந்துசேர வாய்ப்பளித்தது. அன்று மாலையே அவனது ஆட்சியின் முடிவு உறுதியாயிற்று.

இப்போரைப் படமாக்கியவர் சோவியத் நெறியாளர் சேர்ஜி பொண்டார்ச்சுக். தோல்ஸ்தோயின் ‘போரும் அமைதியும்’ என்னும் பெருநாவலை முன்னரே படமாக்கி, 1812ஆம் ஆண்டின் பொரொடினோப் போரைத் திரையிற் காட்டியவர் இவரே. ‘வாட்டலூ’ படத்திற்காக உக்ரேனிலே நிலம் சீர்செய்யப்பட்டு ஒரு போர்க்களமே உருவாக்கப்பட்டது. சோவியத் சேனையின் வீரர் ஏறத்தாழ 15,000 பேர் அக்காலச் சீருடை அணிந்து, அக்கால அணிவகுப்பு முறைகளைப் பயின்று நடித்தனர். இத்துணைப் பெருந்தொகையும் உண்மைக் களத்தில் நின்றோரிற் பத்திலொரு பங்கிற்குக் குறைவே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இப்படம் நமக்குத் தெளிவாகக் கற்பிப்பதும் ஒன்றுண்டு. பிரெஞ்சுக் குதிரைப்படை திரண்டு பாய்ந்தபோது, நேசப்படையின் காலாட்கள் சதுர அணிகளாக நின்று நாற்புறமும் துப்பாக்கி ஈட்டிகளை நீட்டினர். ஈட்டிமுனைகள் செறிந்த அவ்வரணிலே குதிரைகள் மோதாது விலகி, அணிகளுக்கிடையே சுழன்றன. இதனைப் பல பக்கங்களிற் படித்தும் மனத்திற் கொள்ளாதவர், ஆகாயத்திலிருந்து படமாக்கப்பட்ட அக்காட்சியைக் கண்டால் ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொள்வர்.

ஆயின் அதே படத்தில் ஸ்கொத்லாந்துக் குதிரைவீரரின் தாக்குதலையும் காண்க. வெண்ணிறக் குதிரைகள் விரிந்த வெளியிலே காற்றெனப் பாய்ந்து வருகின்றன. இக்காட்சி ‘என்றும் ஸ்கொத்லாந்து’ என்னும் புகழ்பெற்ற ஓவியத்தைத் தழுவியது. அதனை எலிசபெத் பட்லர் சீமாட்டி தீட்டியது 1881இல், அதாவது போர் முடிந்து அறுபத்தாறு ஆண்டுகளின் பின்னர். உண்மையிலோ அக்குதிரைகள் சேற்று நிலத்திலே, தம் காலாட்படையின் வரிசைகளை ஊடறுத்து, மெதுவாகவே முன்னேறின. ஓவியர் கற்பனையிற் கண்டதை நெறியாளர் படமாக்கினார். படத்திற் கண்டதை நாம் சரித்திரமென்று கொள்கின்றோம். பிழை இவ்வாறே கைமாறி நிலைபெறுகின்றது.

இன்னுமொன்று. ஆகாயத்திலிருந்து கமரா கண்ட களத்தை அன்று நின்ற வீரன் எவனும் கண்டானல்லன். கரிமருந்துப் புகையினூடே அவன் கண்டது பக்கத்தில் நின்ற தோழனையும் எதிரே மின்னிய நெருப்பையுமேயாம். மேலும், வெலிங்டனின் படையிற் பிரித்தானியர் பாதிக்கும் குறைவினரே. ஏனையோர் ஒல்லாந்தர், பெல்ஜியர், ஜேர்மானியர். படத்திலோ பிரித்தானியரே முன்னிற்கின்றனர். ஒரே பகலில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். இறுதியிற் பிணக்குவியலைக் காட்டிப் படம் முடிகின்றது. ஆயின் உயிரோடு கிடந்து இரவெல்லாம் தண்ணீருக்குத் தவித்தோரின் துன்பம் அச்சில நிமிடங்களில் அடங்குவதன்று.

இக்காலத்திற் கணினி சில நூறு பேரைப் பல்லாயிரவராகப் பெருக்கிக் காட்டுகின்றது. சேனையைத் திரட்டும் தேவையும் இன்றில்லை. காட்சி பெரிதாகப் பெரிதாக அதனை நம்பும் மனமும் எளிதாகின்றது. ஆதலின், இளைஞர்காள், போர்ப் படங்களைக் காண்க. அவை சரித்திர ஆர்வத்தைத் தூண்டவல்லன. ஆயின் கண்டபின் நூலகஞ் சென்று ஏட்டையும் புரட்டுக. இக்காட்சியைக் கண்டு கூறியவர் யார், இதில் விடுபட்டோர் யார் என்று வினாவுக. அவ்வாறு வினாவப் பழகியோர், ஆரவாரமான காட்சி கண்டு எளிதில் மயங்கார்.