மணல், ஓலை, திரை: புதுச்சேரிப் பள்ளிகளில் கற்பிக்கும் சாதனங்களின் சரித்திரம்

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய செயிண்ட் லூயி வீதியில், 1955ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திற்குச் சென்று, அங்கே காக்கப்பட்டு வரும் ஓலைச்சுவடிகளில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்க்கு முதலில் தோன்றுவது அதன் பழமை. சற்று நேரம் கழித்துத் தோன்றுவது அதன் வேலைப்பாடு. ஓலையை வாரி, பதப்படுத்தி, அளவாக நறுக்கி, துளையிட்டு, எழுத்தாணியால் கீறி, கீறிய வரிகளில் மையேற்றிக் கயிற்றில் கோத்து வைத்த அந்தப் பொருள், தனக்குரிய காலத்தில் மிக நுட்பமான ஒரு தொழிலின் விளைவாகும். இந்நகரத்திலுள்ள சைவச் சுவடிகளை, ஏறத்தாழ 11,000 அளவினவற்றை, யுனெஸ்கோ ஸ்தாபனம் 2005ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் தொழில்நுட்பம் புகுந்த வரலாற்றைக் கணிப்பொறியிலிருந்து தொடங்குவதே இக்காலத்து வழக்கமாக இருப்பினும், புதுச்சேரியைப் பொறுத்தவரை அதனை ஓலையிலிருந்தே தொடங்குவதுதான் முறை என்பது என் அபிப்பிராயம். இந்தப் பிரதேசத்துப் பள்ளிகளில் காலக்கிரமத்தில் வந்து சேர்ந்த ஒவ்வொரு சாதனத்தையும் குறித்து நான் கேட்க விரும்புவது ஒரே கேள்வி: அது மாணாக்கனை எழுதச் செய்ததா, அல்லது பார்க்கவும் கேட்கவும் மட்டும் வைத்ததா?

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு முதற்கருவி அவன் விரல்தான். தரையில் பரப்பிய மணலில் உபாத்தியாயர் கைபிடித்து எழுதுவித்த எழுத்தின்மேல், அந்த எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவன் மீண்டும் மீண்டும் விரலை ஓட்டுவான். காணும் கண்ணும், சொல்லும் நாவும், கேட்கும் செவியும், தீட்டும் விரலும் ஒரே சமயத்தில் ஒரே எழுத்தின்மேல் குவிந்திருக்கும். நெடுங்கணக்கு கைவந்தபின் ஓலை. இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் சிறு பள்ளம் செய்து, அதில் எழுத்தாணியின் முனையைத் தாங்கவிட்டு, எழுத்தாணியை அதிகம் அசைக்காமல் ஓலையை நகர்த்தி எழுதும் அந்த அப்பியாசம் எளிதில் வருவதன்று. எழுதி முடித்த சுவடிக்கு மஞ்சளும் பச்சிலைச் சாறும் வசம்புக் கரியும் தடவி எழுத்தை விளங்கச் செய்யும் நாள், மையாடல் விழாவென்று பள்ளியில் கொண்டாடப்பட்டது. ஆத்திசூடியாயினும், முந்திரி என்னும் 320இல் ஒரு பங்கு முதலாகப் பின்னங்களைக் கற்பிக்கும் எண்சுவடியாயினும், மாணாக்கன் படித்த புத்தகம் அவனே எழுதிக்கொண்ட புத்தகமாக இருந்தது. அந்த முறையில் குறைகள் பல உண்டு. கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகள் இருந்தன. பெண்மக்களுக்கும், தாழ்த்தப்பட்டவரென்று ஒதுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அந்தத் திண்ணை எட்டாததாகவே இருந்தது. இவ்வநீதியை மறைத்துவிட்டுப் பழமையைப் புகழ்வதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆயினும் அந்த மணல் கடல்கடந்து சென்ற செய்தி வியக்கத்தக்கது. சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென 1789இல் தொடங்கிய விடுதிப்பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், ஒரு 'மலபார்' பள்ளியில், அதாவது அக்காலத்து ஆங்கிலேயர் வழக்கில் ஒரு தமிழ்ப் பள்ளியில், பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டார். அவ்வழியைத் தம் பள்ளியில் புகுத்த முனைந்தபோது உதவியாசிரியர்கள் இசையாமையால், ஜான் ஃபிரிஸ்கென் என்னும் 8 வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பையே ஒப்படைத்தார். சிறுவன் அதைச் செவ்வனே நடத்திக் காட்டினான். மூத்த மாணாக்கன் இளையவர்க்குக் கற்பிக்கும் இந்தச் சட்டாம்பிள்ளை ஏற்பாடு, பெல் 1797இல் லண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக 'சென்னை முறை' என்று பெயர்பெற்று இங்கிலாந்தில் பரவியது. 1815க்குப் பின்னர் பிரான்சிலும், பரஸ்பர போதனை என்ற பெயரில் இதனோடு ஒத்த முறை வேரூன்றியது. புதுச்சேரியை ஆண்ட தேசத்தின் தலைநகரில் ஏழைப் பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் எழுத்துச் சொல்லிக்கொடுத்த அந்தக் காட்சியில், நம் திண்ணையின் சாயல் கலந்திருந்தது என்பதை நம்மவர் பலர் அறியார்.

அச்சுக்கலையின் வரலாற்றில் புதுச்சேரிக்கு ஒரு வருத்தமான இடம் உண்டு. 1578இல் கொல்லத்தில் தமிழ் அச்சேறியது. 1713இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் அச்சுக்கூடத்தை இயக்கினார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த அச்சியந்திரமோ, 1761 ஜனவரியில் நகரம் ஆங்கிலேயப் படையிடம் வீழ்ந்தபோது கொள்ளைப்பொருள்களோடு சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வேப்பேரியில் பெப்ரீசியுஸ் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய தமிழ் அகராதி 1779இல் அங்கே வெளிவந்தது. சாதனம் ஓரிடத்தில் இருப்பதும், அதனைக் கல்விக்குப் பயன்படுத்தும் மனிதர் அவ்விடத்தில் இருப்பதும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. புதுச்சேரியில் கிடந்தவரை அந்த இயந்திரத்தால் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் விளையவில்லை.

அக்குறை தீர ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆயின. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதுச்சேரி மிஷன் அச்சகத்தைப் பொறுப்பேற்று நடத்திய துப்புயி அடிகளாரே, 1844ஆம் ஆண்டில், பெண்களுக்குக் கல்வி கற்பிப்பதற்கென்று தமிழ்ப் பெண்களைக் கொண்ட துறவியர் சபை ஒன்றையும் தோற்றுவித்தார். இவ்விரண்டு செயல்களையும் தனித்தனியே எழுதிச் செல்வதே வரலாற்றாசிரியர் வழக்கம். என் கருத்தில் அவை ஒரே செயலின் இரு கைகள். புத்தகத்தை அச்சிட்டவர், அதைப் படிக்கப்போகும் சிறுமியையும், அச்சிறுமிக்குக் கற்பிக்கப்போகும் பெண்ணையும் உடன் நினைத்திருந்தார். மூசே அடிகளாரும் இவரும் சேர்ந்து இயற்றிய தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரண்டு பாகங்களாக இவ்வச்சகத்தில் வெளியாயிற்று. இயந்திரமும் நூலும் ஆசிரியையும் ஒருவரது சிந்தையில் ஒன்றுபட்ட அந்த ஆண்டுகளைப் புதுச்சேரிக் கல்விச் சரித்திரத்தின் சிறந்த காலங்களுள் ஒன்றாக நான் கொள்கிறேன்.

அச்சுநூல் வந்ததால் விளைந்த நன்மை அளவிடற்கரியது. ஆயினும் மாணாக்கனுடைய கை ஒரு படி பின்வாங்கியது. தன் சுவடியைத் தானே எழுதிக்கொண்டிருந்தவன், வேறோரிடத்தில் வேறொருவர் இயற்றியதைப் படிப்பவனானான்; காலனி ஆட்சியின்கீழ் அது பெரும்பாலும் வேறொரு மொழியாகவும் இருந்தது. கவர்னர் தெபஸ்ஸேன் தெ ரிஷ்மோன் காலத்தில், 1826இல், அரச கல்லூரியும் அதற்கடுத்த ஆண்டில் பொது நூலகமும் தொடங்கப்பட்டன. முன்னது இன்று லிசே பிரான்சே என்றும், பின்னது ரோமன் ரோலண்டு நூலகம் என்றும் வழங்குகின்றன. கலவை சுப்புராயச் செட்டியாரின் கொடையால் மிஷன் வீதியில் எழுந்த கலவைக் கல்லூரி, தமிழ்ப் பிள்ளைகள் உயர்கல்வி பெறும் வாயிலாயிற்று. அங்கே பயின்ற கனகசுப்புரத்தினம், பின்னாளில் பாரதிதாசன், 1909 முதல் 1946 வரை அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக உழைத்தார். 1908 முதல் 10 ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்த பாரதியார், தேசியக் கல்வியைப் பற்றி எழுதியபோது, சாஸ்திரங்களைத் தாய்மொழியில் கற்பிப்பதையும் அதற்குரிய பரிபாஷைச் சொற்களை ஆக்குவதையும் முதன்மையாக வற்புறுத்தினார். அவர் அன்று எழுப்பிய கேள்விக்கு நாம் இன்னும் விடை சொல்லி முடிக்கவில்லை.

1943 டிசம்பர் 2ஆம் நாள் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை சில குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய பள்ளி, 1952இல் சர்வகலாசாலை மையமாக விரிந்து, மாணாக்கனே தன் பாடத்தின் போக்கைத் தேர்ந்து முன்னேறும் ஒரு முறையை நடைமுறைப்படுத்தியது. அது தனித்து எழுதவேண்டிய பொருள். 1954இல் ஆட்சி கைமாறி, 1962இல் அது சட்டப்படி நிறைவெய்தியபின், அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைத் தழுவின. 1967இல் புதுச்சேரி வானொலி நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி நாடெங்கும் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் ஒலிநாடாக் கருவிகளும் வழங்கப்பட்டன. 2004இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. இவை யாவும் நல்லெண்ணத்தில் பிறந்தவை. ஆனால் பேசுவோர் தொலைவில் இருந்தனர். பிள்ளைகள் கைகட்டி அமர்ந்திருந்தனர்.

கணிப்பொறி, இந்த நிலையை மாற்றக்கூடிய இயல்புடையது. எழுத்துப்பலகை உடைய அந்தக் கருவி, உபயோகிப்பவனை எழுதும்படி அழைக்கிறது. 1984–85இல் மத்திய அரசு 250 மேல்நிலைப் பள்ளிகளில் 'பிபிசி மைக்ரோ' என்னும் கணிப்பொறியைக் கொண்டு ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தைத் தொடங்கியது. எழுத்துப்பலகையிலும் திரையிலும் ஆங்கிலமே இருந்ததனால், தமிழ்ப் பிள்ளைக்கு அது முதலில் ஒரு மொழிப் பாடமாகவும் பின்னரே கணிப்பொறியாகவும் அமைந்திருக்கும்.

இந்த வரலாற்றில் மிகுந்த கவனத்துக்குரிய அத்தியாயம் பள்ளிக்கு வெளியே எழுதப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998இல், வில்லியனூரை மையமாகக் கொண்டு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. ஊரார் ஒரு பொது இடத்தைத் தரவேண்டும், சாதி வேற்றுமையின்றி எவரும் அங்கே வந்துபோக உரிமை இருக்கவேண்டும் என்பவை நிபந்தனைகள். எம்பலத்தில் மையம் கோயிலிடத்திலேயே அமைந்தது. கிராமத்துப் பெண்கள் பலர் கணிப்பொறியைக் கற்று, அரசுத் திட்டங்களையும் விலைநிலவரத்தையும் மருத்துவச் செய்திகளையும் தமிழில் தாமே தட்டெழுதி வழங்கினர். வீராம்பட்டினத்தில், கடலில் எழக்கூடிய அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அறிந்து, தமிழாக்கி, படகுகள் புறப்படுமுன் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து தம் ஊருக்குத் தொலைபேசியில் ஒருவர் எச்சரித்தபோது, நல்லவாடு கிராமத்தார் தம் ஊர் மையத்தைத் திறந்து அங்கிருந்த ஒலிபெருக்கியில் கூவி ஊரை அப்புறப்படுத்தினர்; ஆழிப்பேரலை வீடுகளை வந்து அடைந்தபோது ஊர் மக்கள் உயிர் தப்பியிருந்தனர். இயந்திரம் தம்முடையதென்றும், அதைத் தொடும் அதிகாரம் தமக்கு உண்டென்றும் அவர்கள் கருதியிருந்தமையே அதற்குக் காரணமென்று நான் நம்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் அந்த உரிமையுணர்வு இன்னும் முழுமையாக மலரவில்லை. நான் சென்று பார்த்த ஒரு பள்ளியில், பெயர் இங்கு வேண்டாம், கணினி அறையின் சாவி தலைமையாசிரியர் மேசையில் பத்திரமாக இருந்தது. அறைக்குள் ஒவ்வொரு கருவிமீதும் தைத்த துணியுறை போர்த்தப்பட்டிருந்தது. பழுதானால் யார் பொறுப்பு என்ற அச்சம் ஆசிரியர்க்கு. அந்த அச்சத்தை அவர்மேல் சுமத்தியது ஏற்பாட்டின் குற்றமே. 2018இல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விரைவுத் தகவல் குறியீடு அச்சிடப்பட்டபோது, அதைக் கைப்பேசியில் காட்டினால் பாடத்தின் காணொளி தமிழில் விரிந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபின், வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தகப்பனாரோடு வேலைக்குப் போய்விட, இரவில் அவர் திரும்பியபின் பாடம் பார்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர். 2023–24ஆம் கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்திற்கு மாறின. பாடநூலின் மொழி ஆங்கிலமாகும்போது, திறன்பலகையில் ஓடும் படம் எத்துணை அழகாயினும், கடைசி வரிசைப் பிள்ளை கேள்வி கேட்பதற்குரிய சொல்லைத் தேடித் தடுமாறுகிறான். அவன் மௌனம் என்னை வருத்துகிறது.

அதே பள்ளியில் இளம் ஆசிரியை ஒருவர் துணியுறைகளைக் களைந்துவிட்டு, ஆறாம் வகுப்புச் சிறுமியரை இருவர் இருவராக அமர்த்தினார். 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டு அரசு ஏற்ற 'தமிழ்99' விசைமுறை அக்கணினிகளில் இருந்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் வகுக்கப்பட்ட அம்முறையில், ககரத்தையும் இகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கி' பிறக்கும். ஓரெழுத்தை இருமுறை தட்டினால் முன்னதன்மேல் புள்ளி தானே வந்து அமரும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் இலக்கணத்தை விரல்நுனியில் வைத்த ஏற்பாடு அது. அருகிலிருந்த தோழி பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சிறுமி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள்: ப, ள, ள, இ. திரையில் 'பள்ளி' என்று எழுந்தது. அவள் அதை ஒருமுறை அழித்துவிட்டு, நாற்காலியைத் தோழிக்கு விட்டுக்கொடுத்து, அவள் விரலைப் பிடித்து ப என்ற விசையின்மேல் வைத்தாள்.